எப்படி இருந்துச்சு அம்மணி?

தொண்ணூறுகளின் கடைசியில் ஓர் ஆவணி மாதம், கோவை அவிநாசி ரோட்டில் ஒரு கலையரங்கத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. வீட்டிலும் சரி, ஆபீஸிலும் சரி, எனக்கு வைத்திருந்த பெயர் வாயாடி. இந்த வாயால் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அந்த ஒரு நாள் பயந்ததுபோல் வேறு எப்போதும் பயந்ததில்லை.

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். அறுபதுகளின் கடைசியில் நான் கோவையில் விடுதியில் தங்கிப் படித்தேன். அப்போது இங்கே இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த நான்கு பேர் சேர்ந்து இங்கிலீஷ் ராக் பாட்டுக் குழு ஒன்று வைத்திருந்தார்கள். ஊரெல்லாம் சினிமாப் பாட்டுக் கச்சேரி நடந்துகொண்டிருந்த காலத்தில், இவர்கள் காதை மூடுகிற முடியும் காலோடு ஒட்டின குழாய் பேன்ட்டுமாக கிட்டாரைத் தூக்கிக்கொண்டு மேடையேறினார்கள். ஸ்பீக்கர்கூட உக்கடத்தில் ரேடியோ ரிப்பேர் பார்த்த ஒரு பாயிடம் சொல்லிச் செய்ததுதான். வெளிநாட்டுப் பாட்டுகளோடு அவர்களே இங்கிலீஷில் கட்டிய பாட்டு ஒன்றும் உண்டு. ரயிலைப் பற்றியது. அதன் கடைசி வரியில் பாடகர், வார்த்தைகூடப் புரியாதபடி, குரலை மேலே மேலே கொண்டுபோய் ஒரு கத்து கத்துவார் பாருங்கள், அப்பப்பா! கடைசி வரிசையில் வார்டனோடு அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போகும். வார்டன் காதைப் பொத்திக்கொள்வார். நானும் என் அறைத்தோழியும் ஒருத்தி கையை ஒருத்தி நகம் பதியப் பிடித்துக்கொள்வோம்.

படிப்பு முடிந்ததும் குழு கலைந்துவிட்டது. பாடகர் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்துவிட்டார் என்று கேள்வி. எனக்கு அந்தியூர்ப் பக்கம் கல்யாணமாயிற்று. அந்த வீட்டில் ரேடியோ இருந்தது, ஆனால் அது மாமனார் செய்தி கேட்பதற்கு மட்டும். வாய் ஓயாமல் பேசிப் பழகியவள், பேச ஆளில்லாமல் திண்டாடிப் போனேன். பாத்திரம் துலக்கிக்கொண்டே அந்த ரயில் பாட்டை முணுமுணுப்பேன். கத்துகிற இடம் வந்தால் சத்தம் வராமல் வாயை மட்டும் பெரிதாகத் திறந்து கத்துவேன். ஒருநாள் அதைப் பார்த்துவிட்ட என் வீட்டுக்காரர் பல்வலி என்று நினைத்துக் கிராம்பு எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். சிரிக்காதீர்கள். அந்த முதல் சில வருடங்களை நான் தாண்டி வந்தது அந்தப் பாட்டால்தான்.

பிறகு எனக்கு வேலை கிடைத்துக் கோவைக்கே வந்துவிட்டோம். பிள்ளைகள் பெரியவர்களாகி வேலைக்குப் போன பிறகு ஒருநாள், ஈரோட்டிலிருந்து அதே அறைத்தோழி போன் செய்தாள். அந்த நான்கு பேரும் திரும்பச் சேர்ந்து பாடப்போகிறார்களாம். சனிக்கிழமை மாலை பழைய மாணவர்களுக்கும் பழைய ரசிகர்களுக்கும், ஞாயிறு மாலை எல்லோருக்கும். நான் போனை வைத்துவிட்டுக் கூடத்திலேயே ஒரு குதி குதித்தேன்.

வீட்டுக்காரருக்கு இதில் சம்மதமில்லை. "வேண்டாம் அம்மணி. மனசுல இருக்கறது அப்படியே இருக்கட்டும். வயசான காலத்துல அந்தாளு கத்தறதப் பாத்துப்போட்டு வந்து நீ ஒப்பாரி வெப்பே" என்றார். தோழியோ நேர் எதிர். அவர்களைப் பார்த்தால் நமக்கும் வயசு இறங்கிவிடும் என்பது அவள் கட்சி. நான் அவள் பக்கம் சாய்ந்தேன். அவர்களைக் கிட்டத்தில் உட்கார்ந்து ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை.

சனிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் தலையில் முடியில்லை, மீதிப் பேர் தலையில் சாயம். மேடையிலும் அதே கதைதான். டிரம்ஸ்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கிட்டார்க்காரர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டே வாசித்தார். ஆனால் கை மட்டும் என்னமாய் ஓடியது! நாங்கள் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டித் தீர்த்தோம்.

பாடகர்தான் பாவம். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்தார். இரண்டு மூன்று பாட்டிலேயே குரல் கரகரத்துவிட்டது. அப்புறம் ரயில் பாட்டு வந்தது. அந்த உச்சியை நோக்கி அவர் ஏற ஏற, கழுத்து நரம்பு புடைத்தது. குரல் பாதியில் கிழிந்துவிட்டது. உடனே அரங்கமே எழுந்து கைதட்டியது, விசில் பறந்தது. "ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!" என்று கத்தினார்கள். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே அதை மறுபடியும் பாடினார். இந்தத் தடவை இன்னும் மோசம். எனக்குப் பார்க்க முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். தோழி என் காதில், "அப்படியே இருக்குதுடி!" என்றாள்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் காப்பி கொடுத்தார்கள். பாடகர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஒவ்வொருவராகப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, "அதே குரலுங்க, கொஞ்சங்கூட மாறலீங்க" என்றார்கள். எங்கள் பக்கத்தில் இதைப் பொய் என்று யாரும் நினைக்கமாட்டார்கள், மரியாதை என்பார்கள். விருந்துக்குப் போன வீட்டில் ரசத்தில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தாலும், அருமையாக இருக்குதுங்க என்று சொல்லி இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்கிற ஊர் இது. நானும் அப்படி எத்தனை ரசம் குடித்திருக்கிறேன்!

என் முறை வந்தது. "எப்படி இருந்துச்சு அம்மணி?" என்று அவரே கேட்டார். நல்லாருந்துச்சுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அதற்குப் பதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எதுக்குங்க அழுவறீங்க? நெசத்தச் சொல்லுங்க" என்றார்.

தோழி பின்னாலிருந்து என் இடுப்பைக் கிள்ளினாள். இந்த வாய் நின்றால்தானே! "மேல போற எடத்துல உங்களுக்கு நோவுதுங்ணா. எனக்குப் பாட்டுக் கேக்கலீங்க, நோவுதான் கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டேன்.

பாடகர் கிட்டார்க்காரரைத் திரும்பிப் பார்த்தார். கிட்டார்க்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "நானும் ஒத்திகையிலிருந்தே சொல்லோணும்னுதான் இருந்தேனப்பா. உன்ற மனசு நொந்துரும்னு உட்டுட்டேன்" என்றார். டிரம்ஸ்காரர் தரையைப் பார்த்தபடி ஆமாம் என்று தலையாட்டினார்.

"அட கெரகமே!" என்று பாடகர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். தொண்டையில் புண் இருக்கிறதாம். இப்படி இழுத்துக் கத்தினால் பேச்சே போய்விடும் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறாராம். ஒத்திகையில் எல்லோரும் அப்படியே இருக்கிறது என்று சொன்னதை நம்பி, வலியைப் பொறுத்துக்கொண்டு பாடினாராம். பழைய ஆட்கள் ஆசையாக வருகிறார்கள், அவர்கள் அன்றைக்குக் கேட்ட மாதிரியே கொடுக்க வேண்டும் என்று நினைத்தாராம். சொல்லி முடித்துவிட்டு, "சரிங்க அம்மணி" என்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்தக் கும்பிடு என்னை அறைந்ததுபோல் இருந்தது. நன்றி என்றா, போதும் போ என்றா, ஒன்றும் புரியவில்லை. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் தோழி என்னை வறுத்தெடுத்தாள். "உன்ற வாயில சூடு போடோணும். நாளைக்கு அவரு பாடலைன்னா அது உன்றாலதான்" என்று சொல்லிவிட்டு ஈரோட்டு பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஜன்னல் வழியாகத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் அப்போதே சொன்னேனே என்று வீட்டுக்காரர் பிடித்துக்கொள்வார் என்று பார்த்தால், மனிதர் எனக்குச் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூராவும் எனக்குச் சோறு இறங்கவில்லை. எந்தப் பாட்டு என்னை அந்தியூரில் காப்பாற்றியதோ, அந்தப் பாட்டை நானே நிறுத்திவிட்டேனோ என்று வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன். இனி அந்த மனிதர் வாயே திறக்காமல் போய்விட்டால்? சாயங்காலம் வீட்டுக்காரர் தானாக ஸ்கூட்டரை வெளியே எடுத்தார். "ஏறு. என்னன்னு பாத்துப்போட்டு வந்துரலாம்" என்றார்.

அரங்கத்துக்குள் நுழைந்து யார் கண்ணிலும் படாமல் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தோம். திரை விலகியது. நான்கு பேரும் இருந்தார்கள்! பாடகருக்கு இன்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். கனத்த பாட்டுகளையெல்லாம் கிட்டார்க்காரர் பாடினார். இவர் பெரும்பாலும் சும்மா உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மறுபடியும் பயம் பிடித்துக்கொண்டது.

கடைசியாக அவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கிட்டார் மிகவும் தாழ்ந்த சுருதியில் ஆரம்பித்தது. என்ன பாட்டு என்றே முதலில் தெரியவில்லை. முன்வரிசையில் யாரோ, "என்னப்பா, இவ்வளவு எறக்கிப்போட்டாங்க?" என்று முணுமுணுத்தார். ரயில் பாட்டேதான். நின்று நிதானித்து, வீட்டில் நம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிப் பாடினார். கத்துகிற இடம் வந்தது. அவர் கத்தவில்லை. அந்த வரியைக் கிட்டத்தட்டப் பேசினார். அரங்கத்தில் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

அத்தனை வருடம் நான் முணுமுணுத்த பாட்டு அது. ஆனால் அந்த வரி என்ன சொல்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் கேட்டது. ரயிலில் போகிறவன் சந்தோஷத்தில் கூவுகிறான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. ரயில் போன பிறகு பிளாட்பாரத்தில் தனியாக நிற்கிறவன், சரி, நல்லபடியாகப் போய்ச் சேர் என்று சொல்கிற வரி அது. இருபது வயதில் அதைக் கத்தத்தான் முடியும். இப்படிச் சொல்ல முடியாது. பக்கத்தில் வீட்டுக்காரர் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் பாட்டென்றாலே எழுந்து போய்விடுகிற மனிதர்!

பாட்டு முடிந்ததும் யாரும் விசிலடிக்கவில்லை. கைதான் தட்டினார்கள். அது நிற்க வெகுநேரமாயிற்று.

பின்னால் போகவே கூடாது என்று இருந்தேன். வீட்டுக்காரர்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பாடகர் என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். "வாங்க அம்மணி" என்று எழுந்து வந்தார். வலிக்கவில்லை என்றார். இந்தச் சுருதியில் இருந்தால் இன்னும் பத்து வருடம்கூடப் பாடலாம் போலிருக்கிறது என்று சிரித்தார். பிறகு, "இன்னைக்கு எப்படி இருந்துச்சுங்க? பொய்யாச் சொன்னாலும் ஏத்துக்கறேன்" என்றார்.

"நல்லாருந்துச்சுங்ணா" என்றேன். வேறெதுவும் வரவில்லை. வாயாடிக்கு வார்த்தை கிடைக்காமல் போனது அன்று ஒருநாள்தான்.

வயசானவர்களின் கச்சேரிக்குப் போகலாமா கூடாதா என்று இப்போதும் யாராவது பேச்செடுத்தால், தாராளமாகப் போங்கள் என்றுதான் சொல்வேன். வெகுகாலம் கழித்து யாரைப் பார்த்தாலும் அப்படியே இருக்கீங்க என்று சொல்வதை மட்டும் நான் அன்றோடு விட்டுவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்காக அவர்கள் எவ்வளவு வலியைப் பொறுத்துக்கொண்டு நிற்கிறார்களோ, நமக்கென்ன தெரியும்?