கப்பலை இழுத்த நண்டு

போன மாதம், பழையகாயல் தாண்டி, இரண்டு பக்கமும் உப்பளம் வெள்ளையாகக் கண்ணைக் குத்துகிற அந்த நீளமான ரோட்டில் என் தங்கை மகனின் புதுக்கார் நின்றுவிட்டது. இருமல் இல்லை, புகை இல்லை. ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். பழக்கதோஷம், நான் இறங்கி முன்பக்கம் போய் பானெட்டில் கை வைத்தேன்.

"மாமா, தொறந்துராதீங்க! வாரண்டி போயிரும்" என்று உள்ளேயிருந்தே கத்தினான்.

கோயில் சிலையைத் தொட்டுவிட்டவன் போலக் கையை எடுத்துக்கொண்டேன். அவன் கம்பெனிக்குப் போன் போட ஆரம்பித்தான். நான் ரோட்டோரம் நின்றேன். மேற்கேயிருந்து கச்சான் காற்று வேட்டியைப் பிடுங்கியது. மீன்பெட்டி கட்டிய ஒரு ஸ்கூட்டர் என்னைத் தாண்டிப் போனது. அது விட்டுப்போன வாடையில் மீனும் பெட்ரோலும் ஒன்றாகக் கலந்திருந்தன. இந்த இரண்டும் சேர்ந்து மணந்த பொருள் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். நண்டு.

நண்டு என்பது ஒரு கார். சொல்லிவிடுகிறேன், கேளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் நான் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கிளார்க். ஓட்டப்பிடாரத்துக் கரிசல்காட்டு ஆள். கடலைக் கரையில் நின்று பார்ப்பதோடு சரி, கணுக்கால் நனைந்தால் பதறிப்போவேன். அப்படிப்பட்டவனுக்குச் சிநேகிதனாக வாய்த்தவன் சவரி. சங்கு குளிக்கிறவன். ஏழெட்டுப் பாகம், அதாவது ஏழெட்டு ஆள் ஆழத்தில் மூச்சடக்கிக் கிடந்து, மண்ணுக்குள் புதைந்த சங்கைத் தடவி எடுத்துக்கொண்டு வருவான். மேலே வந்ததும் அவன் விடுகிற முதல் மூச்சு பக்கத்து வள்ளத்துக்குக் கேட்கும். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஆசை. கார்.

காயல்பட்டினத்தில் ஒரு முஸ்லிம் பெரியவர், அந்த ஊர் வழக்கில் காக்கா, அரபு நாட்டுக்குப் புறப்படுவதால் தன்னுடைய பழைய சின்னக் காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். குறுகிய தெருவுக்குள் அது சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டு நின்றது. வெள்ளைக்காரன் காலத்து உருண்டை முதுகு. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கும். "நல்ல வண்டி தம்பி, என்ன, கொஞ்சம் கோவக்காரி" என்றார் காக்கா. சொல்லும்போது கண் கலங்கினார். வண்டியைப் பிரிகிற துக்கம் என்று நாங்கள் நினைத்தோம். இப்போது யோசித்தால், அது எங்களை நினைத்துக் கலங்கிய கண்ணாகவும் இருக்கலாம்.

தூத்துக்குடி வந்து சேர்வதற்குள்ளேயே அதற்குப் பெயர் வந்துவிட்டது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாலும் வண்டி இடது பக்கமாகவே ஒதுங்கி ஒதுங்கிப் போயிற்று. நிறமும் பொருந்திற்று. வேறு என்ன பெயர் வைக்க?

செல்ஃப் ஸ்டார்ட்டர் செத்துப்போயிருந்தது. முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். அது என் பங்கு. அடிக்கடி பெட்ரோல் குழாயில் டேங்கின் கசடு வந்து அடைத்துக்கொள்ளும். அது சவரியின் பங்கு. மற்ற ஊர்களில் இதற்கு மெக்கானிக் வேண்டும், பம்பு வேண்டும். சவரி இறங்குவான், குழாயைக் கழற்றுவான், கடலில் குதிப்பதற்கு முன் இழுக்கிற அதே மூச்சை இழுத்து, குழாயில் வாய் வைத்து ஊதுவான். பின்னால் டேங்குக்குள் குபுகுபுவென்று சத்தம் கேட்கும். அடைப்பு ஓடிப்போகும். "முத்துக்குளிக்கிற சிலாபம் நின்னுபோச்சேன்னு எங்கய்யா அழுவாரு. இந்த மூச்சுக்கு வேற வேலை கெடைச்சிட்டுன்னு சொல்லணும்" என்று பெட்ரோல் நாறுகிற வாயால் சிரிப்பான்.

ஆனால் ஒரு தப்பும் அவன்தான் செய்தான். வண்டி வாங்கிய முதல் ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்ததும் நேரே திரேஸ்புரம் கரைக்கு ஓட்டிக்கொண்டுபோய், வாளி வாளியாகக் கடல் தண்ணீர் மோந்து நண்டைக் குளிப்பாட்டினான். வாராவாரம் அதையே செய்தான். "வள்ளத்தை இதுலதானவே கழுவுதோம்?" எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மழைக்காலம் வருவதற்குள் பின் சீட்டின் காலடியில் தகரம் அப்பளமாக உதிர்ந்து, ஓடுகிற ரோடு தெரிய ஆரம்பித்தது.

சவரி அதற்கும் வள்ளத்து வைத்தியமே கண்டுபிடித்தான். மரம் உளுத்துப்போகாமல் இருக்க வள்ளத்துக்குப் பூசுகிற மீன் எண்ணெயை நண்டின் அடிவயிறு முழுக்கப் பூசிவிட்டான். துரு நின்றது. நாற்றம் தொடங்கியது. எங்கள் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தினால் துறைமுகத்துப் பூனைகள் எல்லாம் அதன் அடியில் கூடிவிடும். மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது காரா, கருவாட்டுக் கடையா?" என்பார்.

இந்தக் கோலத்தில்தான் சவரி பிலோமியைக் கட்ட ஆசைப்பட்டான்.

பிலோமிக்கும் அவன்மேல் பிரியம். அம்மாக்காரிக்குச் சம்மதம். தடையாக நின்றது அண்ணன் அந்தோணி. அவர் ஓர் உப்பு முதலாளி வீட்டு டிரைவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி. அவர் ஓட்டிய நீளமான கறுப்புக் காருக்கு ஊரே வைத்த பெயர் கப்பல்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சங்கு குளிக்கிறவன் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கும். அவன் கீழேயிருந்து கயிற்றைச் சுண்டினால், வள்ளத்தில் இருப்பவன் அந்தக் கணமே இழுக்க வேண்டும். ஒரு கொட்டாவி நேரம் தாமதித்தாலும் போச்சு. அதனால் கயிறு பிடிக்கிற ஆள் பெண்டாட்டியின் அண்ணன் தம்பியாகத்தான் இருப்பான். தங்கச்சியின் தாலி அந்தக் கயிற்றில் கிடக்கிறது என்கிற நினைப்பு கையைத் தூங்கவிடாது. பெண் எடுப்பது என்றால் அங்கே கயிறு பிடிக்க ஒரு கையையும் கேட்பதுதான். தன் முறை வந்தால் முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டு அந்தோணியும் வள்ளம் ஏற வேண்டும்.

பூசை முடிந்து கோயில் முற்றத்தில் சவரி போய்க் கேட்டான். நான் துணைக்கு, அதாவது இரண்டு தூண் தள்ளி நின்றேன்.

"ஏலே சவரி, ஒரு காரை ஒழுங்கா ஓட வைக்கத் தெரியல. ரெண்டு தெருவுக்கு ஒருக்க நின்னு பீப்பீ ஊதுத. ஒன் கயித்தை நான் புடிக்கணுமோ? மாட்டேன்" என்றார் அந்தோணி.

"நீ புடிக்காண்டாம்ண்ணே. நான் வள்ளத்துல ஏறிப் புடிச்சிக்கிடுதேன்" என்றாள் பிலோமி, முக்காட்டுக்குள்ளிருந்து.

பெண்கள் வள்ளம் ஏறுகிற வழக்கமே இல்லாத கரை அது. முற்றத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தோணிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ஒரு நிபந்தனை போட்டார்.

"மணப்பாடு சிலுவைத் திருநாளுக்கு அம்மாவையும் இவளையும் ஒன் வண்டியில கூட்டிட்டுப் போ, கூட்டிட்டு வா. வழியில ஒருத்தர் எறங்கித் தள்ளுனாலும் இந்தப் பேச்சு முடிஞ்சிது."

"ஊதலாமா?" என்றான் சவரி, பவ்யமாக.

"ஊது, உறிஞ்சு, முழங்கால் போட்டு செபம் பண்ணு. தள்ளக்கூடாது. பின்னாலயே வருவேன், பாத்துக்கிட்டே."

திருநாளன்று விடியற்காலை புறப்பட்டோம். முன்னால் சவரியும் நானும், பின்னால் பிலோமியும் அம்மாவும். எங்களுக்குப் பின்னால் பெண்டாட்டி பிள்ளைகளோடு அந்தோணி ஓட்டிய கப்பல், மூச்சுக்கூட விடாமல் மிதந்து வந்தது. அம்மா செபமாலையை எடுத்தவர், காலடி ஓட்டையில் ரோடு ஓடுவதைப் பார்த்துவிட்டார்.

"சேசு மரி சூசை! ஏளா பிலோமி, காலைத் தூக்கி வய்யி. ரோடு கடிச்சிரும்!"

போகும்போது முக்காணியில் ஒரு தடவை, குலசேகரன்பட்டினத்துப் பனங்காட்டில் ஒரு தடவை நின்றது. சவரி ஊதினான், நான் ஹேண்டில் சுற்றினேன், நண்டு உறுமியது. யாரும் தள்ளவில்லை. மணப்பாட்டு மணல்குன்றில் ஏறி சிலுவையை முத்தமிட்டபோது என் கை ஹேண்டில் சுற்றிச் சுற்றிக் கொப்புளித்திருந்தது. அதைப் பெரிய வீரத்தழும்பாகப் பிலோமியிடம் காட்டினேன். அவள் சவரியின் வாயைச் சுற்றிப் பெட்ரோல் பட்டுச் சிவந்திருந்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் திரும்பினோம். திருச்செந்தூர் போயிற்று, காயல்பட்டினம் போயிற்று. நண்டு அன்றைக்கு ஏதோ சந்நதம் வந்ததுபோல ஓடியது. ஆறுமுகநேரி தாண்டியதும் பிலோமி பின் கண்ணாடியில் பார்த்துச் சொன்னாள்: "அண்ணன் வண்டியக் காணோம்."

நான் சொன்னதை மறைக்கப்போவதில்லை: "நேரா வீட்டுக்கு வுடும்வே. ஜெயிச்சாச்சு!" திரும்பிப் போய் நண்டு எங்கேயாவது படுத்துவிட்டால்? தள்ளும்படி ஆகிவிட்டால்? கையில் கிடைத்ததைக் கொண்டுபோய்க் கடலில் போடுவதா?

சவரி பிரேக்கை மிதித்தான். ஸ்டியரிங்கை ஒடித்து வண்டியைத் திருப்பினான்.

கப்பல் ரோட்டோரம் ஆவிவிட்டுக்கொண்டு கிடந்தது. ஃபேன் பெல்ட் அறுந்து, தண்ணீர் கொதித்து, என்ஜின் நின்றுவிட்டது. சூட்டைக் காட்டுகிற முள் உச்சிக்கு ஏறியதை அந்தோணி பார்க்கவேயில்லை. வழி முழுக்க அவர் கண் எங்கள்மேல் இருந்தது, நண்டு எப்போது நிற்கும், எவன் இறங்கித் தள்ளுவான் என்று. வெள்ளைச் சட்டை முழுக்கக் கரி. மறுநாள் காலை முதலாளி காரைக் கேட்பார். வேலை போய்விடும் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

அவருடைய பிள்ளைகளையும் பெண்டாட்டியையும் பஸ் ஏற்றிவிட்டோம். சவரி நண்டின் டிக்கியைத் திறந்து தன் கயிற்றை எடுத்தான். இடுப்பில் கட்டி இறங்குகிற அதே கயிறு, நாலு மடிப்பாக. ஒரு முனையை நண்டுக்குக் கட்டினான். மறுமுனையை அந்தோணியின் முன்னால் நீட்டினான்.

"கட்டும் மச்சான். கயித்தை மட்டும் வுட்டுராதீரும்."

அவரை அவன் மச்சான் என்றது அதுதான் முதல் தடவை. அந்தோணி முனையை வாங்கினார். குனிந்து, கடற்கரையில் பிறந்தவன் மட்டுமே போடத் தெரிந்த ஒரு முடிச்சைப் போட்டார்.

நண்டு இழுத்தது. நம்புங்கள், இழுத்தது! என்னைக்கூட இறங்கச் சொல்லவில்லை. ஆத்தூர்ப் பாலத்து ஏற்றத்தில்தான் சோதனை. எக்ஸாஸ்ட் குழாய் பழுத்து, அடிவயிற்று மீன் எண்ணெய் புகைய ஆரம்பித்தது. தாமிரபரணிக்கு மேலே காற்றெல்லாம் மீன் பொரிக்கிற குசினி ஆயிற்று. பாலத்தில் நின்ற ஒருவர், "என்ன மீனு அண்ணாச்சி, சீலாவா?" என்று கேட்டார். அப்போது பார்த்து நண்டு இருமியது, நின்றது.

நான் குதித்துச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தேன். சவரி குழாயைக் கழற்றினான். மூச்சை இழுத்தான். அவ்வளவு பெரிய மூச்சை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஊதினான். கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. டேங்குக்குள் சத்தமே இல்லை. பிலோமி இறங்கி வந்து, அவன் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவன் இன்னும் ஊதினான். கண்கள் சிவந்தன. குபுக். பிறகு குபுகுபு. நான் கொப்புளக் கையோடு ஹேண்டிலைச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் நண்டு அலறியது.

ஆனாலும் கப்பலின் கனம் அந்த ஏற்றத்தில் அதைப் பின்னுக்கு இழுத்தது. கண்ணாடியில் பார்த்தேன். அந்தோணி கதவைத் திறந்து இறங்கினார். ஒரு கை ஸ்டியரிங்கில், தோள் கதவுச்சட்டத்தில். தொப்பி பறந்து ஆற்றில் விழுந்தது. அவர் தள்ளினார். நண்டு இழுக்க, அந்தோணி தள்ள, கப்பல் பாலத்தின் முதுகில் ஏறிற்று.

அதற்கப்புறம் சமதளம்தான். உப்பளத்தில் வேலை முடிந்து வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். கிரேட் காட்டன் ரோட்டுக்குள் நாங்கள் நுழைந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கடைக்காரர்கள் தராசைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்கள். "ஏலே, நண்டு கப்பலை இழுத்துட்டு வாரதைப் பாருலே!" "எங்கன பிடிச்சீரு, எம்புட்டு எடை?" சைக்கிள்கள் இரண்டு பக்கமும் கூட வந்தன. நான் ஜன்னல் வழியே கையை வெளியே போட்டு, மாப்பிள்ளை ஊர்வலம் எனக்குத்தான் என்பதுபோல் ஆட்டிக்கொண்டே வந்தேன். அம்மா செபமாலையை விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

முதலாளி வீட்டு ஷெட்டில் கப்பலைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். இரவோடிரவாகச் சரிசெய்ய அந்தோணிக்குத் தெரிந்த மெக்கானிக்கை வரச் சொல்லியாயிற்று. சவரி தயங்கித் தயங்கிக் கேட்டான்:

"மச்சான், எறங்கித் தள்ளக்கூடாதுன்னு சொன்னீரு. தள்ளும்படியா ஆயிட்டே."

"யாருலே தள்ளுனா?"

"நீதாண்ணே தள்ளுன" என்றாள் பிலோமி.

"நான் தள்ளுனது கப்பலைல்லா" என்றார் அந்தோணி.

பிறகு குனிந்து முடிச்சை அவிழ்த்தார். கயிற்றை உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகச் சுற்றிச் சுற்றி, வட்டமாக்கி, சவரி கை நீட்டியதைப் பாராதவர்போல, தன் தோளிலேயே மாட்டிக்கொண்டார்.

"இது எங்கிட்ட கெடக்கட்டும்" என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகும் அந்தக் கயிறு அவர் கையில்தான் இருந்தது, வயதாகிச் சவரி கடைசியாகக் கடலில் குதித்த நாள் வரை. இப்போது காற்று உருளையைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள் என்று கேள்வி. நண்டையும் ஒருநாள் பழைய இரும்புக்குப் போட்டோம். கடைக்காரர் அடியில் படுத்துச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "ஓட்டையைச் சுத்திக்கூடத் துரு இல்லையேவே, என்னத்தைத் தடவுனீரு?" என்று எழுந்தார். பூனை ஒன்று அவரோடு வெளியே வந்தது.

போன மாதம் பழையகாயல் ரோட்டுக்குக் கம்பெனியிலிருந்து ஒரு லாரி வந்தது. தட்டையான முதுகைச் சரித்து, புதுக்காரை அப்படியே ஏந்தி ஏற்றிக்கொண்டது. "கயிறு இல்லையா?" என்று கேட்டேன்.

"கயிறா? கயித்துல இழுத்தா பின்னால ஸ்டியரிங் புடிக்க ஒரு ஆளு வேணும்லா சார்" என்றான் டிரைவர்.

தங்கை மகன் லாரிக்குள்ளும் போனில் பேசிக்கொண்டே வந்தான். கிரேட் காட்டன் ரோட்டில் ஒரு கடையிலும் ஒருவரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. நான் மட்டும் ஜன்னல் வழியே கையை வெளியே போட்டு, ரோடு முடிகிறவரை ஆட்டிக்கொண்டே வந்தேன்.