சணல் கட்டி இறக்கிய ட்ரான்ஸ்பர் கேஸ்

1. சேற்றில் நின்றது

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது வெம்பக்கோட்டைப் பக்கம் மழை இறங்கியது. எங்கள் பட்டாசுக் கம்பெனி ஜீப் கரிசல் பாதையின் நடுவில் கறகறவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. இறங்கிக் குனிந்து பார்த்தேன். ட்ரான்ஸ்பர் கேஸின் அடிப்பக்கம் விரிசல் விட்டிருந்தது. ஆயில் அத்தனையும் சேற்றில் கிடந்தது.

இப்போது வேலை பழகுகிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ட்ரான்ஸ்பர் கேஸ் என்பது கியர் பாக்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் பெட்டி. எஞ்சினின் இழுவையை முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் அதுதான் பிரித்துக் கொடுக்கும். மழைக்குப் பிறகு கரிசலில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் வண்டி நகரும். சரக்கு ஷெட்டுகள் வரைக்கும் லாரி வராது. ஜீப்தான் ட்ரெய்லரில் லோடு ஏற்றித் தார் ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஜீப் படுத்தால் சீசன் படுத்தது.

மாடு கட்டி ரோட்டுக்கு இழுத்தோம். அங்கிருந்து லாரியில் கட்டித் திருத்தங்கலில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வெடிமருந்து இருக்கிற கம்பெனிக்குள் இரும்பைத் தட்டி வேலை செய்ய விடமாட்டார்கள். விருதுநகர் ஒர்க்‌ஷாப்பில் தீபாவளி கழித்து வா என்றுவிட்டார்கள். என் வீட்டுப் பின்வாசலில் இடம் தாராளம்.

அந்தச் சமயத்தில் முதலாளி ஒரு பேச்சுப் பேசியிருந்தார். தீபாவளிக்குப் பிறகு கம்பெனி வண்டிகளுக்கென்று சொந்த ஷெட் போடப் போகிறார், அதற்கு ஒரு ஹெட் மெக்கானிக் வைக்கப் போகிறார். கம்பெனியில் மூத்த மெக்கானிக் நான், அதனால் அது நான்தான் என்று முடிவு செய்துவிட்டேன். என் மனைவி பொன்னுத்தாயிடம் சொன்னேன். அக்கம்பக்கத்தில் சொன்னேன். முடிவெட்டப் போன இடத்தில்கூடச் சொல்லி வைத்தேன்.

ராணுவம் கழித்துவிட்டதை விற்கிற ஆர்மி டிஸ்போசலில் வாங்கிய பழைய ட்ரான்ஸ்பர் கேஸ் ஒன்றை ஏற்றிக்கொண்டு முதலாளி வந்தார். கூடவே சங்கரபாண்டி இறங்கினான். மதுரையில் லாரி ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு, முந்தின வருஷம்தான் எங்களிடம் சேர்ந்தவன். வயதிலும் என்னைவிடச் சின்னவன்.

"மாடசாமி, வேலைய சங்கரபாண்டி பாக்கட்டும். நீ கூடமாட இரு. சாயங்காலம் வண்டி வேணும்" என்றார் முதலாளி.

என் வீடு, என் வாசல், என் ஸ்பானர். நான் கூடமாட இருக்க வேண்டுமாம். வயிறு எரிந்தது. கௌரவமான வார்த்தை எதுவும் தேட வேண்டாம், அது பொறாமைதான்.

2. கட்டுக்கம்பி

அன்றைக்கு மழையென்று கம்பெனியில் மருந்து வேலை நிறுத்தியிருந்தார்கள். அதனால் பொன்னுத்தாயும் வீட்டில் இருந்தாள். அவளுக்குக் கம்பெனியில் அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றுகிற வேலை. காப்பி கொண்டுவந்தவள் புது எவர்சில்வர் தம்ளரைச் சங்கரபாண்டியிடம் கொடுத்தாள். நசுங்கிய பித்தளை எனக்கு வந்தது. விருந்தாளிக்குக் கொடுப்பதுதான் முறை என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, காப்பி இறங்கவில்லை.

அவன் வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆயிலை வடித்தான். முன்னும் பின்னும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றினான். ஹேண்ட் பிரேக் டிரம், ஸ்பீடோமீட்டர் கேபிள், லீவர்கள் எல்லாம் வரிசையாகச் சாக்கின் மேல் வந்தன. எங்கேயாவது ஒரு போல்ட்டையாவது முறிப்பான் என்று பார்த்தேன். முறிக்கவில்லை.

பின் மூடியைத் திறந்து, நட்டைக் கழற்றி, கேஸை இழுத்துக் கழற்றுகிற புல்லரை மாட்டினான். அப்போதுதான் கவனித்தேன். கியர் பாக்ஸின் மெயின் ஷாஃப்ட் பின்னால் நீண்டு ட்ரான்ஸ்பர் கேஸுக்குள் நுழைந்திருக்கும். அதைக் கட்டி நிறுத்தாமல் இழுத்தால் ஷாஃப்ட்டும் கூடவே வந்துவிடும். உள்ளே இருக்கிற கியரும் ரோலரும் கொட்டிப் போகும். அப்புறம் கியர் பாக்ஸையே இறக்க வேண்டியதுதான். பஸ் கம்பெனியில் ஃபிட்டராக இருந்த காலத்தில் ஒரு ஆபீசர் ஜீப்பில் நான் பட்டு அறிந்தது இது. லாரி பார்த்தவனுக்கு எங்கே தெரியும்?

"நிறுத்துலே! ஷாஃப்ட்டக் கட்டாம இளுத்தா அம்புட்டும் கொட்டிரும்."

நல்ல மனசோடு சொன்னேன் என்று எழுத ஆசைதான். அப்படி இல்லை. அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடக் கூடாதே என்றுதான் சொன்னேன்.

அவன் முகம் சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். புல்லரைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியா அண்ணாச்சி! எனக்குத் தெரியாதே. எப்படிக் கட்டணும், சொல்லுங்க" என்றான். வெட்கம் என்பது துளியும் இல்லை.

மேலே கியர் லீவரோடு மூடியைக் கழற்றினோம். செகண்ட் கியருக்குப் பின்னால் ஷாஃப்ட்டைச் சுற்றிக் கம்பியைக் கொடுத்து, இரண்டு பக்கத்து போல்ட்டிலும் இழுத்துக் கட்ட வேண்டும். என் கை தடித்த கை, உள்ளே போகவே அழுதது. வீட்டில் இருந்த கட்டுக்கம்பி துருவேறியது. முறுக்கினேன், அறுந்தது. மறுபடி முறுக்கினேன், மறுபடி அறுந்தது. நல்ல கம்பி வாங்க சிவகாசிக்கு சைக்கிள் மிதிக்க வேண்டும். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

சங்கரபாண்டி திரும்பிப் பார்த்தான். "மதினி, ஒங்க கை உள்ள போகும். வெடிக்குச் சுத்துற மாதிரி சணல் சுத்தி இறுக்கிருவீகளா?"

நான் சிரித்தேன். "இதென்ன வெடியாலே? சணலு தாங்குமா?"

பொன்னுத்தாய் என் பக்கம் திரும்பவே இல்லை. "எங்கன கட்டணும் தம்பி?" என்று அவனைத்தான் கேட்டாள்.

வீட்டுக்குள் போய்ச் சணல் எடுத்து வந்தாள். இரட்டையாக முறுக்கினாள். மணிக்கட்டு வரைக்கும் கியர் பாக்ஸுக்குள் கையை விட்டு, ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக விழும்படி சுற்றினாள். இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டு, நடுவில் விறகுக் குச்சியைச் செருகித் திருகினாள். சணல் விறைத்து நின்றது.

"இளுத்துப் பாருங்க" என்றாள் என்னிடம்.

இருந்த எரிச்சலை எல்லாம் சேர்த்து இழுத்தேன். ஷாஃப்ட் அசையவில்லை.

சங்கரபாண்டி புல்லரைத் திருகினான். ட்ரான்ஸ்பர் கேஸ் மட்டும் தனியாகக் கழன்று எங்கள் இரண்டு பேர் கையிலும் இறங்கியது. வாங்கி வந்ததை ஏற்றி போல்ட் போட்டோம். கடைசியில் பொன்னுத்தாயே சணலை அறுத்து, ஒரு நார்கூட உள்ளே விடாமல் எடுத்தாள்.

3. யார் ஹெட்

சாயங்காலம் முதலாளி வந்தபோது நாலு சக்கரமும் இழுத்தது.

"அண்ணாச்சி சொல்லலேன்னா கியர் பாக்ஸே போயிருக்கும் மொதலாளி. மதினி கட்டலேன்னா இன்னைக்கு வேலை முடிஞ்சிருக்காது" என்றான் சங்கரபாண்டி.

பெயரை அவனே அடித்துக்கொண்டு போயிருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டான்.

தீபாவளி முடிந்து, கம்பெனி வேலிக்கு வெளியே வண்டி ஷெட் போட்டார்கள். ஹெட் மெக்கானிக் சங்கரபாண்டி. நேரே முதலாளியிடம் போய் நின்றேன்.

"ஒனக்குத்தான் வேலை கூடத் தெரியும், இல்லேங்கல. ஆனா அவன் சொன்னா நாலு பேரு சேந்து வேலை செய்வாக, மாடசாமி" என்றார்.

அந்தக் கோபத்தை வீட்டுக்குச் சுமந்து வந்தேன். "அவன் கேட்ட ஒடனே சணலத் தூக்கிட்டு ஓடியாந்துட்ட. இப்ப அவன் ஹெட்டு. சந்தோசந்தானே?"

அவள் குரலை உயர்த்தவில்லை. "கேட்டாரு, கட்டுனேன். கலியாணமாகி இம்புட்டு நாளாச்சு. ஒரு வண்டி வேலைக்காச்சும் செத்த நேரம் கை குடுன்னு என்னைய நீங்க கேட்டிருக்கீகளா?"

யோசித்துப் பார்த்தேன். கேட்டதில்லை. அவளை மட்டுமா, யாரையும் கேட்டதில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அதே ஜீப்பின் ட்ரான்ஸ்பர் கேஸ் ஆயில் ஒழுகியது. திரும்பவும் இறக்க வேண்டும். புதுக் கட்டுக்கம்பி ஷெட்டிலேயே தொங்கியது. ஆனால் என் கை அதே தடித்த கைதான். சங்கரபாண்டி பக்கத்தில்தான் நின்றான். கையைத் துடைத்துக்கொண்டு வெடிக்குச் சணல் சுற்றுகிற ஷெட்டுக்கு நடந்தேன். எல்லாப் பெண்களும் பார்க்க வாசலில் நின்று, "பொன்னுத்தாயி, செத்த வாயேன். ஒன் கை வேணும்" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள். இந்தத் தொழிலில் நான் படித்த பெரிய பாடம் 'வேணும்' என்கிற அந்த ஒரு வார்த்தைதான். அதையும் அந்தப் பயலிடம் படித்தேன் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு எரிகிறது.