முறுக்கும்போது வந்த புகை

வேலை முடிந்து கால் கடுக்கப் பெரம்பலூரில் பஸ்ஸுக்கு நின்றபோது, ஒரு பழைய பைக் நீலப் புகையைக் கக்கிக்கொண்டு கடந்து போனது. எரிந்த ஆயிலின் கசப்பு நெடி தொண்டையில் இறங்கியதும், ஒன்பது வயதில் பார்த்த புகை நினைவுக்கு வந்தது.

அப்பா பைக்கில் எவர்சில்வர் பாத்திரம் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றவர். வண்டியில் எவ்வளவு ஆயில் ஊற்றினாலும் சீக்கிரமே குறைந்துவிடும்.

"ஸ்டார்ட் பண்றப்ப மட்டும் புகைஞ்சா வால்வு சீல்தாங்க, சின்ன வேலை" என்றார் மெக்கானிக். "ஆக்சிலேட்டரை முறுக்குறப்பல்லாம் புகைஞ்சா பிஸ்டன் ரிங்கு போயிடுச்சுன்னு அர்த்தம். இஞ்சினைப் பிரிக்கணும், பத்து நாளாவும்."

பத்து நாள் வண்டி இல்லையென்றால் வியாபாரமே இல்லை. அப்பா பாத்திரங்களை இறக்கி வைத்துவிட்டு, புகையைப் பார்த்துச் சொல்ல என்னைப் பின்பக்கம் திருப்பி உட்காரவைத்து, செட்டிகுளம் ரோட்டில் ஓட்டினார். என் முதுகு அவர் முதுகில் சாய்ந்திருந்தது. அவர் முறுக்கிய ஒவ்வொரு தடவையும் புகை எழுந்து ரோட்டை மறைத்தது.

"எப்படிம்மா இருக்கு?"

அந்தக் குரலின் களைப்பு என்னை என்னவோ செய்தது. "முறுக்குறப்ப ஒண்ணும் வரலப்பா" என்றேன்.

அப்பா வால்வு சீலை மட்டும் மாற்றினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவரோடு போயிருந்தபோது, ஆயில் வற்றி, இஞ்சின் இறுகி வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. பாத்திர மூட்டையோடு வெயிலில் தள்ளிக்கொண்டு வந்தோம். பாதி வழியில் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

அப்பா நிற்கவில்லை. "கண்ணாடியில நானும் பாத்துக்கிட்டுதாம்மா வந்தேன். நீ இல்லன்னு சொல்லிட மாட்டியான்னு இருந்துச்சு" என்றார். பிறகு மூச்சு வாங்க, "நல்லாத் தள்ளும்மா, மேடு வருது" என்றார்.