முதலாளி கொடுத்த பூட்ஸ்

மரக்காணம் உப்பளத்தில் நான் கூடை சுமந்துகொண்டிருந்த காலம். சனிக்கிழமை கூலி வாங்கியதும் சங்கத்துக்குச் சந்தா கொடுத்துவிடுவோம். அந்தச் சந்தாவில் பெண்களுக்கெல்லாம் ரப்பர் பூட்ஸ் வாங்கித் தருவதாகப் பேச்சு. நாளெல்லாம் உப்புத் தண்ணீரில் நின்றால் விரலிடுக்கு புண்ணாகிவிடும். எனக்கு அந்த வருஷம் குதிகாலும் பிளந்துபோய், நொண்டிக்கொண்டுதான் நடந்தேன். பூட்ஸ் எப்போது வரும் என்பதே நினைப்பு.

2006 தேர்தல்தான் வந்தது. சந்தாப் பணம் கொடிக்கும் மேடைக்கும் மைக் செட்டுக்கும் போனது. சங்கம் ஒரு கட்சியைச் சேர்ந்தது. எங்கள் வீட்டிலோ வேறு சின்னத்துக்குத்தான் ஓட்டு. எனக்கு வயிறு எரிந்தது. சும்மா இருக்கிற வாயா என்னுடையது? உப்புக் குவியல் பக்கத்தில் வைத்தே சங்கச் செயலாளரை மடக்கினேன்.

“எங்க காலு வெந்து போவுது, நீங்க கொடி கட்றீங்க. யாரைக் கேட்டு செலவு பண்ணீங்க?”

அவரும் எங்களோடு உப்பு வாருகிறவர்தான். கோபப்படவில்லை. “போன தபா கூலி ஏறுச்சே, கட்சிக்காரங்க பேச்சுவார்த்தைக்கு வந்து உக்காரலன்னா முதலாளி ஏத்தியிருப்பாராம்மா? ஞாயித்துக்கிழமை கூட்டத்துல கேளு, பேசுவோம்” என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அதனாலேயே எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

விஷயம் முதலாளி காதுக்கு எட்டிவிட்டது. மறுநாள் கணக்குப்பிள்ளை ஒரு ஜோடி பூட்ஸைக் கொண்டுவந்து, எல்லோரும் பார்க்க என் கூடை பக்கத்தில் வைத்தார்.

“முதலாளி குடுத்தனுப்புனாரு. நீ கேட்டது நியாயம்னு சொன்னாரு.”

வேண்டாம் என்றேன்.

“திருப்பிக் குடுத்தா அவரை அவமானப்படுத்துற மாதிரி ஆவும். நாளைக்கு வேலைக்கு வரணுமா வேணாமா நீ?” என்றார்.

போட்டுக்கொண்டேன். பொய் சொல்வானேன், கால் எரியாமல் நின்றது சொர்க்கமாக இருந்தது. ஆனால் உப்பு நிறைந்த கூடையைத் தனியாளாகத் தலைக்கு ஏற்ற முடியாது. எதிரே நிற்பவள் ஒரு கை பிடித்துத் தூக்கிவிட வேண்டும். அன்று கூடையை நிரப்பிவிட்டு நின்றேன். ஒருத்தியும் வரவில்லை. எனக்கு எப்போதும் தூக்கிவிடுகிறவள், என்னைவிட மோசமாகப் புண்ணான கால்காரி, வேறொருத்தியோடு போய்விட்டாள். பாதிப் பாதியாக அள்ளி நானே ஏற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெறுங்காலோடு கூட்டத்துக்குப் போனேன். எழுந்து, சந்தாவைப் பற்றி வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: “இது நீ கேக்குறதா, உன் பூட்ஸ் கேக்குதா?”

எல்லோரும் சிரித்தார்கள். “பூட்ஸ் அவருது, கேள்வி என்னுது” என்று கத்தினேன். சிரிப்பில் யாருக்குக் கேட்டதோ தெரியாது. தேர்தல் செலவுக்குச் சம்மதம் என்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். என் கை தவிர எல்லாக் கையும் உயர்ந்தது. அந்த மோசமான கால்காரியின் கையும்தான்.

திங்கட்கிழமை பூட்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டு உப்புத் தண்ணீரில் இறங்கினேன். பிளவில் உப்பு ஏறியபோது உயிரே போய்விட்டது. அவள் வந்தாள். கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

என் வெறுங்காலைப் பார்த்த கணக்குப்பிள்ளை, “முதலாளி கிட்ட இன்னான்னு சொல்றது?” என்றார். ஆக, அங்கேயும் கெட்ட பெயர். நாளைக்கு அந்த முதலாளி வேலையை விட்டு நிறுத்தினால் எனக்காகப் பேச இந்தச் சங்கத்தை விட்டால் யார் இருக்கிறார்கள்? சனிக்கிழமை மற்றவர்களைப் போல நானும் சந்தாவை நீட்டினேன்.

செயலாளர் வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “நீ கேட்டது சரிதாம்மா. ஆனா இப்ப நீ கேட்டா முதலாளி கேக்குற மாதிரி ஆயிடுதே.”

“அப்ப எப்பதாங்க கேக்கறது?”

அவர் எனக்கு அடுத்து நின்றவளிடம் சந்தாவுக்குக் கையை நீட்டினார்.