முதல் சாராயக் கடையில் நின்றவள்

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நாங்கள் புதுச்சேரியில் சாரம் என்ற பகுதியில் குடியிருந்தோம். நான் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். எனக்கு ஒரே தங்கை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது, பேச்சும் வரவில்லை. ஆனால் கோபம் மட்டும் எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் வராத அளவுக்கு வரும். கையை ஆட்டி அவள் திட்டினால், வாயால் திட்டுவதே தேவலை என்று தோன்றும்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒருவர் சைக்கிள் பயிற்சி கொடுத்து வந்தார். ஆலைத் தொழிலாளி. முப்பது வயது இருக்கும். பிரான்சில் இருந்த அவருடைய மச்சான் கொண்டுவந்து கொடுத்த பந்தய சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். அதை அவர் துடைக்கிற அழகைப் பார்த்து நாங்கள் அவருக்கு 'முசியே' என்று பெயர் வைத்தோம், பிரெஞ்சில் 'ஐயா' என்று அர்த்தம். எதிரில் மட்டும் அண்ணே.

அவரிடம் இன்னார்தான் வரலாம் என்று கிடையாது. பந்தயத்துக்குத் தயாராகும் ஆலைக்காரர்களும் வருவார்கள், தொப்பையைக் குறைக்க வந்த பாங்க் குமாஸ்தாவும் வருவார். மீனவக் குப்பத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். தலையில் கூடையோடு கோரிமேடு வரை நடந்து மீன் விற்றுக் கழுத்து போய்விட்டதாம். இனி கூடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டுதான் போவேன் என்று ஒரே பிடிவாதம். பிறகு நான். எதிரே மாடு வந்தாலே கண்ணை மூடிக்கொள்ளும் ரகம்.

நான் கற்றுக்கொள்வதை வேடிக்கை பார்க்க வந்த தங்கை, என் தடுமாற்றத்தைப் பொறுக்காமல் ஒருநாள் சைக்கிளைப் பிடுங்கித் தானே ஓட்டிக் காட்டினாள். அன்றே மைதானத்தைச் சுற்றி வந்துவிட்டாள். முசியேயின் விசில் அவளுக்குக் கேட்காது என்பதால் எல்லோருக்குமே கை ஜாடை வந்தது. கையைத் தூக்கினால் நில், தாழ்த்தினால் மெதுவாக, பக்கவாட்டில் சுட்டினால் பள்ளம். அவளுக்காக ஏற்பட்ட ஏற்பாடு எல்லோருக்கும் சௌகரியமாகப் போயிற்று. லாரி சத்தத்தில் விசில் யார் காதில்தான் விழுகிறது?

வீட்டில்தான் பெரிய போராட்டம். லாரி ஹாரன் கேட்காத பெண்ணை ரோட்டுக்கு அனுப்புவதா என்று அம்மா ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தார். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ன நம்பித்தாண்டி அனுப்புறேன். ஒரு கீறல் பட்டுச்சுன்னாலும் அதோட சரி. அப்பறம் அவ வாசப்படி தாண்ட மாட்டா" என்றார். அம்மா சொன்னால் சொன்னதுதான். ஒரு கீறல் பட்டால் போதும், தங்கைக்கு மறுபடியும் நான்கு சுவர்தான்.

எங்கள் முதல் நெடுந்தூரப் பயணம் வளவனூர் வரை. போய் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது என்று திட்டம். அந்த ரோட்டைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விழுப்புரம் போகும் அந்தச் சாலையில் வில்லியனூர், அரியூர் வரை நம் எல்லை. அடுத்து வரும் கண்டமங்கலம் தமிழ்நாடு. அதைத் தாண்டினால் திருபுவனை, மதகடிப்பட்டு என்று மறுபடியும் புதுச்சேரி. அதற்கப்புறம் திரும்பவும் தமிழ்நாடு. வெள்ளைக்காரர்கள் துண்டு துண்டாகப் பங்கு போட்டுக்கொண்ட ஊர் எங்களுடையது. அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு. அதனால் பலகையைப் பார்க்காமலேயே எங்கே நம் எல்லை ஆரம்பிக்கிறது என்று சொல்லிவிடலாம். வரிசையாகச் சாராயக் கடை தெரிந்தால் அது பாண்டி.

முசியேயின் வழக்கம் இதுதான்: வேகமாகப் போகிறவர்கள் முன்னால் போகலாம், ஆனால் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். கடைசி ஆள் வந்து சேரும்வரை ஒருவரும் நகரக் கூடாது. மெதுவாக வருபவருக்குத் துணையாக நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவர் கடைசியில் வருவார். அன்று மெதுவான ஆள் மீன்கார அக்கா, துணைக்கு என் தங்கை. வளவனூரில் கை கழுவும்போது முசியே சத்தமாகச் சொன்னார். "திரும்பி வரப்போ பாண்டிக்குள்ள நுழைஞ்சதும் மொத சாராயக் கடைகிட்ட எல்லாரும் நிக்கணும். யாரும் தாண்டிப் போவக் கூடாது."

அதைத் தங்கைக்குச் சொல்ல வேண்டியது என் வேலை. எல்லைக்கு எங்களிடம் ஜாடை இல்லை. சாராயக் கடைக்கு இருந்தது. எங்கள் தெருவில் தினமும் ஆடிக்கொண்டு வருகிற ஒருவர் உபயம். கட்டை விரலை வாயில் சாய்த்து, உடம்பை ஆட்டி, முதலாவது என்று ஒரு விரலைக் காட்டி, நில் என்று கையைத் தூக்கினேன். அவள் சிரித்துவிட்டுத் தலையாட்டினாள். குமாஸ்தாவுக்கும் சிரிப்பு வந்து புரையேறியது.

காற்று பின்னாலிருந்து தள்ளியதால் எனக்கே அன்று வேகம் வந்துவிட்டது. பேசிக்கொண்டே மதகடிப்பட்டு, திருபுவனை, கண்டமங்கலம் எல்லாம் கடந்து அரியூர்ப் பக்கத்தில் சாராயக் கடை வந்ததும் நின்றோம். ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. புளியமரத்து நிழலில் உட்கார்ந்து வெள்ளரிப் பிஞ்சு கடித்தோம்.

கொஞ்ச நேரத்தில் விழுப்புரத்திலிருந்து வந்த பஸ் ஒன்று நின்றது. மேலே மீன்கார அக்காவின் சைக்கிள். உள்ளேயிருந்து அக்கா இறங்கினார். கூட யாரும் இறங்கவில்லை.

"தங்கச்சி எங்கக்கா?" என்றேன்.

"எனக்கு முட்டி வலி தாங்கலம்மா. ஏத்திக்கினு போயிடலாம் வான்னு எவ்ளோ கூப்ட்டேன். மாட்டேன்னுட்டு மிதிக்க ஆரம்பிச்சிட்டா. பின்னாலதான் வருவா, வுடு."

முதலில் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் மிதிக்கிற வேகத்துக்குச் சீக்கிரம் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். வரவில்லை. இன்னொரு பஸ் போயிற்று. கரும்பு வண்டிகள் போயின. வெயில் ஏறியது. ரோட்டின் கோடியில் சைக்கிள் தெரியும்போதெல்லாம் எழுந்து நின்றேன், கிட்டே வந்தால் வேறு யாராவது. அக்கா பாவம், தலையில் கைவைத்துக்கொண்டு தன்னைத்தானே திட்டிக்கொண்டார். பஞ்சர் என்றால் அவளே ஒட்டிவிடுவாள். வழி தவற அங்கே கிளைச் சாலை எதுவும் பெரிதாகக் கிடையாது. அப்படியானால் என்ன மிச்சம் என்று நினைத்தபோது லாரியைத் தவிர வேறொன்றும் என் கண்முன் வரவில்லை.

"வாம்மா, போய்ப் பாத்துடலாம்" என்று முசியே பந்தய சைக்கிளைத் திருப்பினார். நானும் பின்னாலேயே மிதித்தேன். எதிர்காற்று. அன்றைக்கு மாடு வந்ததா, வண்டி வந்ததா, எனக்குத் தெரியாது. கண்ணை மூடத் தோன்றவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

கண்டமங்கலத்தில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. எதிர்ப்பக்கம் நின்ற லாரியிலிருந்து இறங்கி வந்த கிளீனர் ஒருவன், திருபுவனைப் பக்கம் ஓரிடத்தில் வேறொரு லாரிக்கடியில் சைக்கிள் மாட்டிக்கொண்டது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். ஆள் ஆணா பெண்ணா என்று கேட்டதற்கு, கூட்டமாக இருந்தது, பார்க்கவில்லை என்றான். முசியே என் முகத்தைப் பார்க்காமல் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். மணக்குள விநாயகருக்கு என்ன வேண்டிக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது.

கேட் திறந்ததும் பறந்தோம். திருபுவனைக்கு முன்னால் கூட்டம் தெரிந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். நசுங்கிக் கிடந்தது ஒரு பால்காரருடைய சைக்கிள். ரோடெல்லாம் பால். பால்காரர் உடம்பில் அடி எதுவும் இல்லாமல் நடு ரோட்டில் நின்று லாரி டிரைவரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார். அப்படிக் கெட்ட வார்த்தைகளைக் கேட்டு அவ்வளவு நிம்மதி எனக்கு வாழ்க்கையில் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. ஆனால் தங்கை அங்கேயும் இல்லை.

மதகடிப்பட்டைத் தாண்டி, நம் எல்லை முடிகிற இடத்துக்குக் கிட்டத்தில் சாராயக் கடை ஒன்று. அதன் எதிரில் அவளுடைய சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நின்றது. பக்கத்தில் அவள் இல்லை. கடை வாசலில் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் முசியே கேட்டார்.

"அந்தப் பொண்ணா? யப்பா, கிட்டயே போவாதீங்க. கையில பம்ப வச்சிக்கினு நிக்கிது. நான் சும்மா ஊர் பேரு கேட்டேன், ஓங்கிட்டு வந்துடுச்சி."

கடைக்குப் பக்கவாட்டில் அவித்த முட்டையும் சுண்டலும் விற்கிற ஒரு அம்மாவின் கீற்றுக் கொட்டகை. அதற்குள் முக்காலியில் என் தங்கை உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் காற்றடிக்கும் பம்ப், மறு கையில் பாதி முட்டை. என்னைப் பார்த்ததும் அழுவாள், ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் முட்டையை நிதானமாக வாயில் போட்டுக்கொண்டு எழுந்தாள். கட்டை விரலை வாயில் சாய்த்தாள். ஒரு விரலைக் காட்டினாள். நில் என்று கையைத் தூக்கினாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, 'நான் நின்றேன்' என்றாள். என்னைச் சுட்டிக்காட்டி, 'நீ எங்கே போனாய்?' என்று என் தோளில் ஒரு அடி வைத்தாள்.

நான் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். சிரிப்பும் வந்தது. அவளுக்கு இரண்டும் பிடிக்கவில்லை.

முட்டைக்கார அம்மாதான் நடந்ததைச் சொன்னார். "காலையிலேந்து கடை எதிர்லயே நின்னுச்சிம்மா. குடிச்சவனுங்க சும்மா இருப்பானுங்களா? நான்தான் இங்க இட்டாந்து ஒக்கார வச்சேன். ரெண்டு பஸ்ஸ நிறுத்தி ஏத்திவுடப் பாத்தேன். இந்த எடத்த வுட்டு நவுர மாட்டேன்னு ஒரே அடம். யாரோ வருவாங்கன்னு மட்டும் புரிஞ்சிது, சரி வர்றவரிக்கும் இருக்கட்டும்னு வுட்டுட்டேன்." முட்டைக்குக் காசு கொடுத்தபோது கையைத் தட்டிவிட்டார்.

முசியே ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தார். எல்லைக் கல்லைப் பார்த்தார். கடையைப் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டு, "இதும் பாண்டிதானேம்மா" என்றார். "அந்தாண்டேந்து வந்தா மொதக் கடை இதுதான். நாம டவுனையே பாண்டின்னு நெனச்சிக்கினு தாண்டிப் போயிட்டோம்."

எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. டவுன்காரர்களுக்கு மதகடிப்பட்டும் திருபுவனையும் விழுப்புரம் போகிற வழி, அவ்வளவுதான். சட்டப்படி அதுவும் எங்கள் ஊர்தான் என்று யார் நினைத்தார்கள்? அவள் எங்கள் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள் இல்லை. ஜாடையில் சொன்னதைக் கண்ணால் தேடினாள், கண்டதும் நின்றாள். மற்றவர்கள் வரும்வரை நகரக் கூடாது என்றால் நகரக் கூடாது. முசியே அவள் எதிரில் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு ஒரு தோப்புக்கரணம் போட்டார். அப்போதுதான் அவள் முகம் தெளிந்தது.

அரியூரில் எங்களைக் கண்டதும் மீன்கார அக்கா ஓடிவந்து அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அங்கிருந்து சாரம் வரை தங்கைதான் முன்னால் போனாள், நாங்கள் எல்லோரும் அவள் பின்னால்.

நடந்ததை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். எனக்கு வேலையே வைக்காமல், வாசலில் கால் வைத்ததும் தங்கை கட்டை விரலை வாயில் சாய்த்து எல்லாவற்றையும் நடித்துக் காட்டிவிட்டாள். "சாராயக் கடையிலயாடி வுட்டுட்டு வந்த?" என்று என்னைத் துரத்தினார். பிறகு அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. பம்பை ஓங்கிய இடம் வந்தபோது அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்து அவரே அவளுக்குப் பின்னல் போட்டுவிட்டு, தாவணியை இழுத்துச் செருகி ஊக்குக் குத்தி அனுப்பினார். நான் ஒரு பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

தங்கை பிறகு அதே மைதானத்தில் எத்தனையோ பெண்களுக்குச் சைக்கிள் பழகிக்கொடுக்க சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். எனக்கு இப்போது வயதாகிவிட்டது. பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ வருகிற நேரத்துக்கு வராவிட்டால் இன்றும் லாரிதான் கண்முன் வருகிறது. ஆனால் அவர்களைத் திட்ட வாயைத் திறக்குமுன் ஒரு நிமிஷம் நிற்கிறேன்: வர வேண்டியவர்கள் வராமல் இருக்கிறார்களா, இல்லை, சொன்ன இடத்தில் அவர்கள் நின்றுகொண்டிருக்க நான்தான் தாண்டி வந்துவிட்டேனா என்று.