மணலுக்கு இறக்கிய காற்று

நான் கார் ஓட்டுவதும் என் குணத்தைப் போலத்தான். முன்னால் ஓட்டோ ஒன்று போனால் அதை முந்தியே தீரவேண்டும். முந்தியதும் மாடு நிற்கும். பிரேக்கில் ஏறி நின்றுகொண்டு மாட்டை ஏசுவேன். பெற்றோல் தாராளமாகக் கிடைத்த காலத்தில் இதையெல்லாம் யார் பார்த்தார்கள்?

பிறகு, வாரம் ஒருமுறை, கிழமைக்கு இவ்வளவுதான் என்று பெற்றோலை அளந்து கொடுக்கும் காலம் வந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் சேரும். ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விட வேண்டும். நான் பொத்துவிலில் இருந்து அப்படிக் கல்முனைக்கு வந்தவன். உம்மா பொத்துவிலில் தங்கச்சியோடு இருந்தார். முழங்கால் போய்விட்டது, நெஞ்சிலும் நோய். கிடைத்த பெற்றோலில் எங்கள் சின்னக் கார் வெள்ளிக்கிழமை ஒரு தரம் போய்வரும். இன்னொரு பயணத்துக்குக் கொஞ்சம் காணாது. அந்தக் கொஞ்சம்தான் என்னை வதைத்தது, ஏனென்றால் புறப்படும்போதெல்லாம் உம்மா ஒரே கேள்வியைக் கேட்பார்.

"திங்கக்கிழமையும் வாறியா மகன்?"

"எண்ணெய் காணாதே உம்மா."

"ஓம், ஓம். அல்லாஹ்ட காவல், போய்ட்டு வா."

காருக்கு வயது போய்விட்டது என்று வழி நெடுக அதை ஏசிக்கொண்டு திரும்புவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை என் மனைவியும் வந்தாள், மடியில் உம்மாவுக்கு ஆக்கிய மீன் குழம்புச் சட்டியோடு, எங்கள் பேச்சில் ஆணம். காரைதீவுச் சந்தியில் நான் வழக்கம்போல பிரேக் அடிக்க, ஆணம் அவள் அபாயாவில் தெறித்தது.

"இஞ்ச பாருங்க! ஆணம் உங்கட உம்மாக்கா, காருக்குப் பூசவா?"

கோபம் வந்தது. ஆனால் ஆணம் உம்மாவுக்கு. அதனால் சட்டி அசையாமல் ஓட்டினேன். சந்தி தெரியும்போதே காலை எடுத்தேன். நிந்தவூரில் மீன்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் எங்களை முந்தி, திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பல்லைக் கடித்துக்கொண்டேன். அக்கரைப்பற்றில் பெற்றோல் முள்ளைப் பார்த்தால், வழமையாக இறங்கும் அளவுக்கு அது இறங்கவில்லை!

தங்கச்சி வீட்டுக்கும் றோட்டுக்கும் இடையில் கடற்கரை மணல். உம்மாவால் அதில் நடக்க ஏலாது. டொக்டரிடம் கூட்டிப்போக, கார் வாசலுக்கே வரவேண்டும். எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு அதெல்லாம் ஒரு வேலையா? நாலு டயரிலும் காற்றைப் பாதிக்கு இறக்கினால் டயர் பரந்துவிடும், மணலில் புதையாது. அன்றும் அப்படியே செய்தேன். உம்மாவை டொக்டரிடம் காட்டி, வீட்டில் கொண்டுவந்து விட்டுத் திரும்பினோம். கோமாரி தாண்டியதும் மனைவி காரை நிறுத்தச் சொன்னாள். இறங்கி டயரைக் காலால் மிதித்துப் பார்த்தாள்.

"காத்து எங்க?"

"மண்ணுக்கு எறக்கின."

"மண்ணு முடிஞ்சி எவ்வளவு தூரம்! திருப்பி அடிக்கிற இல்லயா?"

"டயர்க்கடையில கரண்ட் இல்ல. நாளைக்கு கல்முனையில அடிப்பன்."

"ஒவ்வொரு கிழமையும் இப்பிடியா? இவ்வளவு தூரமும் இழுபட்டுக்கிட்டு வந்தா அது எண்ணெயக் குடிக்காம என்னத்தக் குடிக்கும்?"

உம்மாவின் திங்கட்கிழமையை நானே வாராவாரம் றோட்டில் கொட்டியிருக்கிறேன்.

அடுத்த கிழமை காலால் மிதித்துக் காற்றடிக்கும் பம்ப் ஒன்றை இரவல் வாங்கிப் போனேன். திரும்பும்போது மணலைத் தாண்டி றோட்டோரத்தில் நிறுத்தி, நாலு டயருக்கும் அடித்தேன். அரைமணி நேரம் ஆனது, உடுத்திருந்த சாரன் வியர்வையில் ஊறியது. வீட்டுக் கேற்றடியில் கதிரை போட்டு உட்கார்ந்த உம்மா அங்கிருந்தே சத்தம் போட்டுக் கதைத்துக்கொண்டிருந்தார்.

"மெதுவா அடி மகன், மெதுவா!"

நான் பம்பைத் திட்டிக்கொண்டே மிதித்தேன். ஆனால் அந்தத் திங்கட்கிழமை பெற்றோல் மிஞ்சியது. வாசலில் என்னைக் கண்டதும் உம்மா திகைத்துப்போய்த் தங்கச்சியிடம் கேட்டார்: "இண்டைக்கு வெள்ளிக்கிழமயாடி?"

அதன்பிறகு கிழமைக்கு இரண்டு தரம் போனேன். பெற்றோல் வரிசைகள் ஓய்ந்தன. உம்மா மௌத்தாகி, அடக்கம் முடிந்து நாற்பது நாளும் கழிந்தது. ஒருநாள் தங்கச்சி வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பம்பால் என் முதுகு போனதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"காக்கா, பக்கத்து வேன்காரர்ட்ட பற்றரியில காத்தடிக்கிற மெசின் இருந்த. அஞ்சு நிமிசத்துல முடியும். கொண்டுவந்து தாறன் எண்டு ரெண்டு மூணு தரம் வந்தார். உம்மாதான் வேணா எண்டு அனுப்பின. 'அவன் அடிக்கட்டும், அதுவரைக்கும் இஞ்ச நிப்பான்தானே' எண்டு சொன்ன."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். ஒவ்வொரு தரமும் அந்த அரைமணி நேரம் முழுக்க நான் குனிந்து டயரையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரு தரமாவது தலையை நிமிர்த்தி, கேற்றடியை நன்றாகப் பார்த்திருக்கலாம்.