மடியில் இருந்த சாவி

2008ஆம் ஆண்டு, மஸ்கெலியாவில் மழை விடாமல் பெய்த மாதங்களில் நடந்தது இது. கொழும்பில் ஓர் அரச திணைக்களத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்று, மனைவியின் ஊரில் வந்து குடியேறியிருந்தேன். நான் யாழ்ப்பாணத்தான், அவர் மலையகத்தவர், பாடசாலையில் கணித ஆசிரியை. சேவைக்காலம் முழுவதும் நான் எழுதிய நிரல்கள் பணிப்பாளரின் பெயரிலேயே வெளிவந்தன. அதுதான் நடைமுறை. நடைமுறைகளை என்னைவிட நன்றாக அறிந்தவர் அங்கே இல்லை என்பதால் நானே வாய் திறக்க முடியவில்லை.

ஓய்வுக்குப் பிறகு எனக்கு ஒரே ஆசை. உலகெங்கும் உள்ளவர்கள் சேர்ந்து எழுதும், யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய கணினி இயங்குதளம் ஒன்று உண்டு. அதன் மையப் பகுதியைக் கேர்னல் என்பார்கள். அதில் ஒரு பிழையைத் திருத்தினால், திருத்தியவர் பெயர் அந்தத் திருத்தத்தோடு என்றைக்கும் நிற்கும். என் பெயர் அங்கே நிற்க வேண்டும்.

பிழையும் வீடு தேடி வந்தது. புதிதாக வாங்கி அந்த இயங்குதளத்தைப் போட்ட கணினியில், மூளை என்று சொல்லக்கூடிய செயலி இரண்டு. வேலை கொடுத்தால் கணினி ஒழுங்காக இருந்தது. சும்மா விட்டால் உறைந்துபோனது. வேலையில்லாதபோது செயலிகள் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சிறு தூக்கம் போடும். அப்படித் தூங்கப் போகும்போதுதான் கோளாறு என்பது என் முடிவு. அந்த முடிவிலேயே வாரக்கணக்கில் இருந்தேன்.

மனைவிக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். நான் பேசுவதைக் கேட்க ஓர் ஆள் வேண்டுமே. ஒரு மாலை அவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தூங்குறப்ப இல்லீங்க, எந்திரிக்கிறப்பதான் மாட்டிக்குது போல" என்றார். ஆதாரம் கேட்டேன். "அந்தப் பக்கத்த நீங்க தொறந்தே பாக்கலியே" என்றார்.

மறுநாளிலிருந்து கணினி அறையைப் பூட்டி வைக்கத் தொடங்கினேன். தூசி வருகிறது என்று காரணம் சொன்னேன். மஸ்கெலியா மழையில் தூசி.

ஒரு பிற்பகல் தூங்கி எழுந்து நேரே அந்த அறைக்குப் போனேன். பூட்டியிருந்தது. "திறப்பை எங்கை வைச்சனீர்?" என்று சத்தம் போட்டேன். பதில் வரும்வரை கதவை விட்டு நகர்வதில்லை என்று நின்றேன். அவர் குசினியிலிருந்து ஈரக் கையோடு வந்தார்.

"பூட்டுனது நீங்க. சாவி ஒங்க மடியில. கேக்குறது என்கிட்டயா? இப்படியே நின்னா நாளைக்கும் தொறக்காதுங்க."

சாரத்தின் இடுப்பு மடியைத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது. சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. சாவியை என் கையிலிருந்து வாங்கிக் கதவைத் திறந்து, என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கேர்னலிலும் பூட்டுகள் உண்டு. ஒரு செயலி கைவைத்த விஷயத்தில் மற்றது கைவைக்காதபடி பூட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் திறந்துவிடும். எங்கள் கணினியில் தூங்கி விழித்த செயலி, எவ்வளவு நேரம் தூங்கினோம் என்று குறித்துக்கொள்ள ஒரு பூட்டைப் போட்டது. அதைத் திறப்பதற்கு முன்பே, தன்னை எழுப்பிய அழைப்புக்குக் காது கொடுத்தது. அந்த அழைப்பைக் கவனிக்கவும் அதே பூட்டுத்தான் வேண்டும். யாராவது வந்து திறக்கட்டும் என்று அங்கேயே நின்றுவிட்டது. சாவி அதன் கையில்தான் இருந்தது.

விளக்குப் போடும் நேரத்துக்குள் மனைவி அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு வரியை மேலே நகர்த்த வேண்டும். "மொதல்ல பூட்டத் தொறக்கணும், அப்புறம் கூப்புட்டது யாருன்னு பாக்கணும். அவ்வளவுதாங்க." அந்த 'அவ்வளவுதாங்க'வை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

திருத்தத்தை அனுப்பும் முறை அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு மின்மடலில் ஒரு திருத்தம். தனியாக இணைக்காமல் மடலுக்குள்ளேயே எழுத வேண்டும். ஏன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். முறை தவறினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று, மடலை அனுப்ப ஹட்டன் நகருக்குப் போன பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்தேன். ஆனால் முறைகெட்ட ஒரு மடல் என் கண்ணெதிரே போவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. பொறாமையைவிட அது எனக்குப் பெரிய வியாதி. சொல்லிக்கொடுத்தேன்.

ஹட்டனில் இணைய வசதியுள்ள கடைக்காரரிடம், "கேர்னலுக்கு ஒரு திருத்தம் அனுப்ப வேணும்" என்றேன். யுத்த காலம், கேட்பது யாழ்ப்பாணத்தான். அவர் முகம் மாறிவிட்டது.

"ஐயா, ஆமிக்காரங்க தப்பையெல்லாம் நம்ம கடையிலருந்து திருத்த வேணாங்க."

அவர் நினைத்த கேர்ணல் இராணுவ அதிகாரி, இது வேறு என்று மனைவி விளங்கப்படுத்த, ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் பிடித்தது.

கேர்னலைப் பராமரிப்பவர்களிடமிருந்து, சோதித்துப் பார்த்தது யார் என்று கேட்டுப் பதில் வந்தது. அந்த வேலை எனக்கு விழுந்தது. கணினியைச் சும்மா விட்டுவிட்டு, அது உறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது ஓய்வு பெற்றவனுக்குப் பொருத்தமான உத்தியோகம். காலையில் எழுந்ததும், இன்றைக்காவது உறைந்திருக்காதா என்ற ஆவலோடு எட்டிப் பார்ப்பேன். ஒரு நாளும் உறையவில்லை. அதை நேர்மையாக எழுதி அனுப்பினேன்.

திருத்தம் ஏற்கப்பட்டது. எழுதியவர் என்று மனைவியின் பெயர். அதற்குக் கீழே, சோதித்தவர் என்று என் பெயர்.

"ஒங்க பேரும் வந்துருச்சுங்க" என்றார்.

"கீழை" என்றேன்.

"கலியாண ரெஜிஸ்டர்ல ஒங்க பேரு மேல, எம் பேரு கீழ. நான் ஏதாச்சும் சொன்னேனா?"

அறையைப் பூட்டுவதை விட்டுவிட்டேன், பொறாமையை விடவில்லை. ஆனாலும் இன்றும் பிற்பகல் தூக்கத்திலிருந்து எழுந்தால், யாரையாவது கூப்பிட்டுச் சத்தம் போடுவதற்கு முன் மடியை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். நான் அறியாத ஊர்களில் எத்தனையோ செயலிகளும் விழித்ததும் என் மனைவி சொன்னபடி அதைத்தான் செய்கின்றன, என்னைவிட வேகமாக.